கோடிக்குத் தீர்வு, கூலிக்குத் தலைகுனிவா?

"ஹலோ! பள்ளிக்கூடமா? உங்களிடம் வேலை பார்க்கும் வாத்தியார் ஒருவர் மோசடிப் பேர்வழி என்பது உங்களுக்குத் தெரியுமா?"

எங்கோ ஒரு நகரத்தில், வசூல் ஏஜென்சி ஒன்றின் அறையிலிருந்து கிளம்பியது இக்கேள்வி. வந்து விழுந்த இடம், வளவனூர்ப் பக்கத்துப் பள்ளியொன்றின் தலைமையாசிரியர் அறை. மேசையைச் சுற்றி ஆசிரியர் நால்வர். வாயிற்படியில், வருகைப் பதிவேட்டை மார்போடு அணைத்தபடி ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவன். ஒலிபெருக்கியிலே போட்டிருந்தார் தலைமையாசிரியர். அத்தனை பேரும் கேட்டனர். அந்த மோசடிப் பேர்வழி யார்? வேறு எவருமல்லர், இந்த வரிகளைத் தீட்டும் நாமே தான்!

நாம் செய்த மோசடி யாது? கேளுங்கள். விழுப்புரத்துக் கடைவீதியில், குடையொன்றை விரித்து மேசையொன்றைப் போட்டு நின்றிருந்த இளைஞன், "சார், ஆயுள் முழுதும் கட்டணமில்லை" என்று புன்னகையோடு நீட்டிய தாளில் கையெழுத்திட்டோம். இரண்டு வாரத்தில் வீடு தேடி வந்தது கிரெடிட் கார்டு. அடுத்த தையில் தங்கைக்குத் திருமணம். பகுத்தறிவு பேசும் நாம், மாலை இரண்டு, மேடை ஒன்று, வாழ்த்துரை நான்கு என்று முடித்திருக்கலாம். 1967இல் அண்ணாவின் அரசு சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டத்தின் முத்திரை பெற்றுத் தந்தது எதற்காக? ஆனால் ஊர் என்ன சொல்லும், உறவு என்ன பேசும் என்ற பேய் வீட்டாரைப் பிடித்தது, நம்மையும் பிடித்தது. பண்டம், பட்டு, படப்பிடிப்பு, பந்தல் — அட்டையைத் தேய்த்தோம். 50,000 ரூபாய் தேய்ந்தது. அந்தக் குற்றத்தை மறைக்க விரும்பவில்லை நாம். ஊர் மெச்ச விருந்து வைத்தோம். அந்த ஊர் உண்டு, கைகழுவி, வீடு போய்ச் சேர்ந்தது. பில் மட்டும் நம் வீட்டிலேயே தங்கிவிட்டது.

இனிக் கணக்கைப் பாருங்கள். திங்களுக்கு மூன்றரை விழுக்காடு வட்டி. ஆண்டுக்கு நாற்பத்திரண்டு! வங்கி அனுப்பிய தாளிலே, "கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை 2,500" என்று கனிவோடு அச்சிட்டிருந்தார்கள். ஐம்பதாயிரம் கேட்க வேண்டியவர்கள் இரண்டாயிரத்து ஐந்நூறு போதும் என்கிறார்களே, என்னே இவர்தம் இரக்கம் என்று எண்ணினோம். அந்த இரக்கத்தை அறுத்துப் பார்ப்போமா? 50,000க்கு ஒரு திங்கள் வட்டி 1,750. அந்த வட்டியின் மீது பதினெட்டு விழுக்காடு சரக்கு சேவை வரி 315. ஆக 2,065. நாம் கட்டிய 2,500இல் அசலுக்குப் போய்ச் சேர்ந்தது 435 ரூபாய்! கிணற்றிலே இறைத்த நீரில் ஆறில் ஐந்து பங்கு வாய்க்காலிலேயே வற்றிவிட்டால், பயிர் எப்படிப் பிழைக்கும்?

பத்துத் திங்கள் இப்படி இறைத்தோம். கட்டியது சுமார் 24,000. நின்ற கடன் ஏறத்தாழ 46,000. பிறகு வந்தது கோடை. தனியார் பள்ளி ஆசிரியர்க்குக் கோடை விடுமுறை உண்டு. கோடைச் சம்பளம் இல்லை! தவணை தவறியது. தவறியதற்குத் தண்டம். தண்டத்துக்கு வரி. ஒன்பது திங்களில் 76,000 என்று நின்றது பாக்கி. தொண்ணூறு நாள் கடந்ததும் வங்கி நமக்கு 'வாராக்கடன்' என்று பெயர் சூட்டி, வசூல் ஏஜென்சி ஒன்றிடம் ஒப்படைத்திருந்தது. அந்த ஏஜென்சிக்குக் கூலி கமிஷன். எவ்வளவு கறக்கிறதோ அவ்வளவு தீனி. ஆகவே தான் அந்தத் தொலைபேசி. ஆகவே தான் தலைமையாசிரியர் அறை.

தோழர்களே! நமக்கு ஏற்பட்ட தலைகுனிவைச் சொல்லி உங்கள் கண்ணீரைக் கேட்க வரவில்லை. இது நம் ஒருவர் கதையன்று. சிறுவந்தாட்டில் பட்டு நெய்யும் தறிக்குழியில் அமர்ந்திருப்பவனுக்கும் இது தெரியும். காலையில் புதுச்சேரிப் பக்கத்து ஆலைக்குப் பஸ் ஏறி, இரவில் திரும்பும் இளைஞனுக்கும் தெரியும். குழுக்கடன் தவணை நாளன்று, "அம்மா வீட்டில் இல்லை என்று சொல்லடி" என மகளுக்குப் பொய் கற்றுக்கொடுக்கும் தாய்க்கும் தெரியும். நாம் கேட்பது ஒன்று தான்: கடன்பட்டவன் ஏன் குனிய வேண்டும்? குனியும் முதுகு இருப்பதால் தானே ஏற ஆள் வருகிறது!

கடன்பட்டவனின் நெஞ்சக் கலக்கத்தை, களத்திலே கலங்கிய இலங்கை வேந்தனின் கலக்கத்துக்கு ஒப்பிட்டுச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டது நாடு. பத்துத் தலையும் இருபது தோளும் படைத்தவனே கலங்கினான் என்றால், ஒற்றைத் தலை படைத்தவன் என்ன ஆவான்? "முற்பிறப்பிலே பட்ட கடன்" என்கிறது புராணம். "தலையெழுத்து" என்கிறான் சோதிடன். "மானம் போயிற்றே" என்று மூலையில் விழுகிறது குடும்பம். இப்படி, அச்சமூட்டும் வேலையில் பாதியைப் பழமையே முடித்து வைத்துவிடுகிறது. மீதிப் பாதி தான் வசூல்காரனுக்கு. அவன் ஒரு தொலைபேசியை எடுத்தால் போதும்!

அந்த அச்சம் எதுவரை இழுத்துச் செல்லும் என்பதற்கு நெல்லை சாட்சி. 2017 அக்டோபர் 23 அன்று, அங்கே மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக் கொடுமை தாளாது ஒரு கூலித் தொழிலாளியும் அவன் மனைவியும் இரு பிஞ்சுப் பெண்மக்களும் தீயில் கருகினர். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003இலேயே பிறந்திருந்தது. சட்டம் ஏட்டில் இருந்தது; அச்சம் நெஞ்சில் இருந்தது. நெஞ்சில் இருந்தது தான் வென்றது.

"கடனை வாங்கியவன் கட்டத்தானே வேண்டும்? கட்டாதே என்று போதிக்கிறீரா?" என்று கேட்பர் சிலர். கட்ட வேண்டும், ஐயமில்லை. வசதியிருந்தும் ஏய்ப்பவனுக்காக நாம் பரிந்து பேசவில்லை. ஆனால், கட்ட முடியாத நிலை வந்தபோது, கொடுத்தவனும் கொண்டவனும் உட்கார்ந்து, "இவ்வளவு தருகிறேன், இத்தோடு முடித்துக்கொள்வோம்" என்று பேசி முடிப்பது மோசடியா? இழிவா? வாருங்கள், மேட்டுக்குடியின் மாளிகையை எட்டிப் பார்ப்போம்.

சென்னை. சிவா இண்டஸ்ட்ரீஸ் என்றொரு நிறுவனம். ஐ.டி.பி.ஐ. வங்கியின் தலைமையில் கடன் கொடுத்தவர்கள் வரிசையாய் நின்றனர். பாக்கி ஏறத்தாழ 4,863 கோடி ரூபாய். திவால் சட்டத்தின் கீழ் வழக்கு நடக்கிறது. நிறுவனத்தாரின் குடும்பத்திலிருந்து ஒரு தீர்வுத் திட்டம் வருகிறது: ஏறத்தாழ 320 கோடி தருகிறோம், ஒரேயடியாக முடித்துக்கொள்ளுங்கள்! நூறு ரூபாய்க்கு ஆறரை ரூபாய். வங்கிகள் என்ன செய்தன? நிறுவனத்தாரைத் தொலைபேசியில் 'திருடன்' என்றனவா? அவர்தம் உறவினர்க்கெல்லாம் செய்தி அனுப்பினவா? கூடிப் பேசி, நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட வாக்குகளால் சரி என்றன! சென்னையில் இருந்த கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் 2021இல் அதை ஏற்க மறுத்தது. மேல்முறையீடு டெல்லி வரை சென்றது. 2022 ஜூன் 3 அன்று உச்ச நீதிமன்றம், கடன் கொடுத்தவர்களின் வணிக அறிவில் தீர்ப்பாயம் தலையிடலாகாது என்று கூறி, தீர்வுக்கு வழிவிட்டது.

வணிக அறிவு! எவ்வளவு அழகான சொல்! சட்டப்படி நடந்தது அது. தீர்ப்பைக் குறை கூற வரவில்லை நாம். நாம் கேட்பது இதுவே: நாலாயிரத்து எண்ணூறு கோடிக்கு ஆறரை விழுக்காடு வாங்கிக்கொள்வது அறிவென்றால், எழுபத்தாறாயிரத்துக்கு அறுபது விழுக்காடு வாங்கிக்கொள்வது மட்டும் ஏன் அறிவாகாது? அங்கே குளிரூட்டிய அறை, வழக்கறிஞர் படை, தேநீர்க் கோப்பை. இங்கே தெருவாசல், வசைமொழி, பக்கத்து வீட்டார் முன்னிலை. கடன் ஒன்று, கடனாளி இரண்டு சாதி! பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பித்தவர்களை எதிர்த்துப் புறப்பட்ட இயக்கத்தார் நாம். பாக்கித் தொகையின் சுழியத்தை எண்ணிக் கற்பிக்கும் இந்தப் புதிய வருணாசிரமத்தைப் பார்த்து வாளாவிருக்கலாமா?

2014-15 முதல் பத்து நிதியாண்டுகளில் வங்கிகள் கணக்கேட்டிலிருந்து எடுத்துவிட்ட வாராக்கடன் 16 லட்சத்து 35 ஆயிரம் கோடி ரூபாய் என்று ஒன்றிய அரசே 2025 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் விடையளித்தது. ஏட்டிலிருந்து எடுப்பது வேறு, தள்ளுபடி வேறு. வசூல் தொடரும் என்கிறார்கள். உண்மை தான். ஆனால் அந்தப் பெருந்தொகையில் பெரும் பெயர்களின் வாசலில் குடையும் குரலுமாய் வசூல்காரன் நின்ற காட்சியை எவரேனும் கண்டதுண்டா?

கடனைப் பேசித் தீர்ப்பது புதுமையுமன்று. இந்த மண்ணுக்கு அது பழகிய வழி. 1936. நீதிக்கட்சி ஆட்சிக்காலம். சென்னை மாகாணத்திலே கடன் சமரசச் சட்டம் வந்தது. கொடுத்தவனையும் கொண்டவனையும் எதிரெதிரே உட்காரவைத்து, நடுவே நின்று பேசி முடிக்கச் சமரச வாரியங்கள் அமைக்க வழி செய்தது அச்சட்டம். 1938. ஆச்சாரியார் ஆட்சி. அவருக்கும் நமக்கும் இருந்த பகையை நாடறியும். அதே ஆண்டில் இந்தி எதிர்ப்புக்காகப் பெரியாரைச் சிறைக்கு அனுப்பியது அவர் ஆட்சி தான். ஆயினும் உள்ளதைச் சொல்வதற்கு நாம் அஞ்சியதில்லை. அவர் கொண்டுவந்த உழவர் கடன் நிவாரணச் சட்டம், 1932 அக்டோபருக்கு முன் உழவர் பட்ட கடனில், 1937 அக்டோபர் முதல் நாள் வரை ஏறி நின்ற வட்டியைத் துடைத்தது. அசலைப்போல் இருமடங்கு கட்டி முடித்தவனுக்குக் கடனே இல்லை என்றது. எதிரெதிர் முகாமைச் சேர்ந்த இரண்டு ஆட்சிகளும், கடன்பட்டவனை மனிதனாக மதித்துச் சட்டம் செய்தன. வெள்ளையன் கொடி பறந்த காலத்திலேயே இது!

இன்று? கிரெடிட் கார்டுக்கு முப்பது விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வாணிபம் என்று 2008இல் தேசிய நுகர்வோர் ஆணையம் தீர்ப்பளித்தது. வங்கிகள் மேல்முறையீடு செய்தன. பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு, 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிவிட்டது. வட்டியை வரையறுப்பது ரிசர்வ் வங்கியின் பொறுப்பு, ஆணையத்தின் அதிகாரமன்று என்றது. பொறுப்பு யாருடையதென்று தெரிந்துவிட்டது. உச்சவரம்பு எங்கே?

எனினும், ஏழைக்குக் கேடயமே இல்லை என்று எண்ணவேண்டாம். இருக்கிறது, ஆங்கிலத்தில் இருப்பதால் நம் கண்ணில் படவில்லை. வசூல் ஏஜெண்டு காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கடனாளியை அழைக்கக்கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. மகளிர் குழுக்கடன் போன்ற நுண்கடனுக்குக் காலை 9 முதல் மாலை 6 வரை தான். கடனாளியைப் பலர்முன் இழிவுபடுத்துவதும், குடும்பத்தார், நண்பர், அறிமுகமானவர் தனிவாழ்வில் நுழைவதும் கூடாது. அடியாள் வைத்து வசூலிக்க வங்கிக்கு உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2007இலேயே கண்டித்தது. வலுக்கட்டாய வசூலைத் தடுக்க 2025இல் தமிழ்நாடு சட்டமன்றம் தனிச்சட்டமே இயற்றியது: மூன்றாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை தண்டம். "போலீஸ் வரும், கைது செய்யும்" என்பான் வசூல்காரன். கட்ட முடியாமை குற்றமன்று. வங்கி உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம், அவ்வளவே. ஆனால் எச்சரிக்கை! பயந்துபோய்க் காசோலையில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடாதீர்கள். அது பணமின்றித் திரும்பினால், இல்லாத குற்றவழக்கை நாமே உண்டாக்கிக் கொடுத்தவராவோம்.

யாவற்றினும் முக்கியமானது இன்னொன்று. சமரசத் தீர்வுக்கென்று ஒவ்வொரு வங்கியும் தன் இயக்குநர் குழுவின் ஒப்புதலோடு ஒரு கொள்கை வைத்திருக்க வேண்டும் என 2023 ஜூன் 8 அன்று ரிசர்வ் வங்கி விதித்தது. எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்பது வரை அதில் வகுத்திருக்க வேண்டும். அப்படியென்றால் என்ன பொருள்? தீர்வு என்பது வங்கி மேலாளர் மனமிரங்கிப் போடும் பிச்சையன்று. வங்கி எழுதி வைத்திருக்கும் விதி! கேட்பவன் இரப்பவனல்லன், விதிப்படி விண்ணப்பிப்பவன்.

இதை அறிந்த பிறகு தான் நமக்கு முதுகு நிமிர்ந்தது. மறுபடி அழைத்தான் ஏஜெண்டு.

"எப்போ சார் கட்டப்போறீங்க?"

"ஐயா, உங்கள் பெயர், ஏஜென்சியின் பெயர், வங்கி உங்களுக்குத் தந்த அதிகாரக் கடிதம், மூன்றையும் அனுப்புங்கள்."

"அதெல்லாம் எதுக்கு சார்? இன்னிக்குள்ள ஐம்பதாயிரம் என் நம்பருக்கு அனுப்பிடுங்க, முடிச்சுத் தர்றேன்."

"வங்கிக்கு மட்டுமே பணம் அனுப்புவோம். அதுவும் எழுத்து வந்த பிறகு."

மறுமுனையில் சற்று அமைதி. பிறகு குரலில் மரியாதை! வங்கிக்கே நேரில் சென்று கடிதம் கொடுத்தோம். முத்திரையிட்ட நகல் பெற்றோம். நம் சம்பளம் இது, கட்டியது இது, தரக்கூடியது 40,000 என்று எழுதினோம். அவர்கள் அறுபத்தைந்து என்றனர். நாம் நாற்பதிலே நின்றோம். அவர்கள் இறங்கினர், நாமும் சிறிது ஏறினோம். ஆறு வாரம் நடந்த பேச்சுக்குப் பின், மூன்று தவணையில் 45,000 என்று முடிந்தது. முன்பு கட்டிய 24,000ஐயும் சேர்த்தால், 50,000க்கு வங்கி பெற்றது 69,000. யார் யாரை மோசடி செய்தது? வாசகர்களே தீர்ப்பளிக்கட்டும்!

ஆகவே, நம்மைப்போல் சிக்கியவர்க்குச் சொல்வோம். அழைப்புக்கு ஒளியாதீர்கள், பேசியதைத் தேதியோடு குறித்து வையுங்கள். உங்களால் உறுதியாகத் தரமுடிந்த தொகையை மட்டும் சொல்லுங்கள். வாக்களித்த தவணை தவறினால் தீர்வே முறியும். இந்தத் தொகையோடு மீதி முழுவதும் விடப்பட்டது என்று வங்கியின் முத்திரைத் தாளில் எழுத்து வராமல் ஒரு காசும் கட்டாதீர்கள். கட்டி முடித்ததும் நிலுவையில்லாச் சான்று பெறுங்கள். "நாங்கள் பேசித் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்" என்று வரும் இடைத்தரகரிடம் இன்னொரு கடன்காரனைத் தேடிக்கொள்ளாதீர்கள். ஒரு குறையையும் மறைக்க மாட்டோம்: தீர்வு செய்துகொண்டவர் கடன் தகவல் அறிக்கையில், முழுதும் கட்டியவர் என்ற குறி இராது, 'தீர்வு செய்யப்பட்டது' என்றே இருக்கும். சில ஆண்டுகள் புதுக்கடன் எளிதில் கிட்டாது. கிட்டாவிட்டால் என்ன? கெட்டா போய்விடுவோம்!

வங்கி முப்பது நாளில் விடை சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம், கட்டணமில்லை, 14448 என்ற எண்ணில் விளக்கம் கேட்கலாம். விழுப்புரத்திலே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. அதன் வழியே மக்கள் நீதிமன்றத்தில், வழக்குத் தொடரும் முன்பே சமரசம் பேசலாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாயினும், அங்கே சட்ட உதவி இலவசம். தவணை நாளில் கதவைச் சாத்தும் தாய்மார்கள் தட்டவேண்டிய கதவு அது!

ஆனால் தனி மனிதன் திறமையாய்ப் பேசித் தப்புவது மட்டும் போதுமா? படித்தவன் தப்பினான், படிக்காதவன்? நம் கோரிக்கை மூன்று. ஒன்று: கடன் ஒப்பந்தமும் தீர்வுக் கடிதமும் தமிழில் வேண்டும். புரியாத மொழியில் கையெழுத்து வாங்கிவிட்டு, புரியும் மொழியில் வசைபாடுவது என்ன நியாயம்? இரண்டு: ஒவ்வொரு வங்கிக் கிளையும் தன் தீர்வுக் கொள்கையைச் சுவரிலே எழுதிவைக்க வேண்டும், வட்டிக்கு உச்சவரம்பை ரிசர்வ் வங்கி விதிக்க வேண்டும். மூன்று: 1936இல் முளைத்த சமரச வாரியம், வட்டந்தோறும் மீண்டும் முளைக்க வேண்டும். கடன்பட்டவனும் நாற்காலியிலே அமர்ந்து பேசும் இடம் ஒன்று வேண்டும்.

இறுதியாக ஒன்று. அன்று பதிவேட்டோடு வாயிற்படியில் நின்ற சிறுவன், மறுநாள் வகுப்பிலே நம்மையே பார்த்துக்கொண்டிருந்தான். கேட்கத் துடித்தான், கேட்கவில்லை. நாமே கரும்பலகையில் எழுதினோம்: 50,000. மூன்றரை விழுக்காடு. வரி பதினெட்டு. கட்டியது 2,500. "அசலில் எவ்வளவு குறையும்? கண்டுபிடியுங்கள்" என்றோம். முதலில் கை தூக்கியவன் அவன் தான்.

"நானூற்று முப்பத்தைந்து, சார்!" சொல்லிவிட்டு, சற்றுத் தயங்கி, "அவ்வளவு தானா சார்?" என்றான்.

அவ்வளவு தான், தம்பி! அந்தக் கேள்வியை வீட்டுக்கு எடுத்துச் செல். தவணை நாளில், "அம்மா வீட்டில் இல்லை" என்று சொல்லாதே. கதவைத் திற. தாளைக் கேள். கணக்கைக் கேள். கணக்குக் கேட்கும் நாட்டில் கந்துவட்டிக்காரன் வாழமாட்டான், அவன் கழுத்திலே டை கட்டி வந்தாலும் சரியே!